எல்ஃபோர்டின் மகன்

லாயூ பாலத்தடியில் நின்றிருந்த டெல்ரான், பாருவாலிப் பக்கமிருந்து வந்த முதல் வேனை விட்டுவிட்டான். இரண்டாவதையும் விட்டுவிட்டான். இரண்டிலும் இடம் இருந்தது. இரண்டாவது வேனின் கண்டக்டர் கதவில் தொங்கியபடி, "ஏய் பத்தாம் நம்பரு, ஏறு! உனக்குன்னா மடியிலகூட எடம் தர ஆளிருக்கு!" என்று கத்தினான். உள்ளே பெண்கள் சிரித்தார்கள். டெல்ரான் கையை மட்டும் ஆட்டினான். அவன் காத்திருந்தது மூன்றாவது வேனுக்கு. ஊதா நிறம், முன் கண்ணாடியின் மேல்பாதியை மறைத்துக்கொண்டு 'நிகரற்றவன்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். ஓட்டுநர் எல்ஃபோர்ட். இருபது வயதுக்குள் டெல்ரான் தீவின் தலைநகரான கிங்ஸ்டவுனுக்கு ஆயிரம் தடவையாவது போயிருப்பான். அந்த வேனில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. பள்ளிச் சீருடையில் மழையில் நனைந்துகொண்டு நின்ற நாட்களிலும், ஊதா நிறம் வளைவில் தெரிந்தால் தலையைத் திருப்பிக் கடலைப் பார்ப்பான். வேனும் நிற்காது.

காரணம் ஊருக்கே தெரியும். அவனுக்கு ஏழு வயதாக இருந்தபோது, பள்ளியில் கேட்ட ஏதோ ஒரு தாளில் தகப்பன் கையெழுத்து வேண்டுமென்று அவன் அம்மா அயாந்தி அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இதே பாலத்தடிக்கு வந்தாள். வேனை நிறுத்தினாள். ஓட்டுநர் ஜன்னலுக்கு நேராகத் தாளை நீட்டினாள். எல்ஃபோர்ட் தாளைப் பார்க்கவில்லை. பையனின் முகவாயை ஒரு விரலால் தூக்கி, சந்தையில் பூசணிக்காயைப் பார்ப்பதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். பிறகு வேனுக்குள் திரும்பி, "இந்த மூக்கு எங்க வீட்டுல யாருக்காவது இருக்கா? நீங்களே சொல்லுங்க!" என்றான். பதினெட்டுப் பேர் சிரித்தார்கள். அதில் அவனுடைய ஞாயிறு பள்ளி ஆசிரியையும் இருந்தாள். "ஏர்றதுன்னா ஏறு அயாந்தி. இல்லைன்னா வழி விடு, பின்னாடி வண்டி நிக்குது" என்று சொல்லிவிட்டுப் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு போய்விட்டான்.

வேடிக்கை என்னவென்றால், ஊர் எல்ஃபோர்ட் சொன்னதை நம்பவும் இல்லை. டெல்ரான் தெருவில் நடந்தால், "அச்சு அசல் அப்பன் நடை" என்பார்கள். கால் சற்று வளைந்து, எதையோ இடறாமல் தாண்டிப் போகிற மாதிரியான நடை. அந்த நடையை மாற்றுவதற்காக அவன் பத்து வயதில் இரண்டு மாதம் முட்டிகளை ஒட்டவைத்து நடந்து பார்த்தான். பந்து கிடைத்ததும் விட்டுவிட்டான். அந்தக் காலில் பந்து நன்றாக ஒட்டியது.

அவனுடைய கால்பந்து வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, சொல்கிறவர்கள்தான் அதிகம். தீவின் எரிமலை வெடித்த வருஷம், சாம்பலை மண்வெட்டியால் ஒதுக்கிவிட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்களில் அவனும் ஒருவன்; அந்த வருஷமே பத்தாம் நம்பர் சட்டையைக் கொடுத்து நாட்டு அணிக்கு எடுத்தார்கள். மறு வருஷம் டிரினிடாடில் ஒரு தொழில்முறை கிளப்புக்கு ஆடி ஒன்பது கோல் போட்டான். பிறகு ஆர்னஸ் வேல் மைதானத்தில் நடந்த ஒரு தகுதி ஆட்டத்தில், அவன் தீவைவிடப் பத்து மடங்கு பெரிய தீவுக்கு எதிராக இரண்டு. அதில் இரண்டாவது, நடுக்கோட்டிலிருந்து பத்தடி தாண்டி அடித்தது. பாதித் தீவு அதைக் கைபேசியில் படம் பிடித்தது. மறுநாள் அவனைக் கட்டிப்பிடிக்காத ஆளே இல்லை. நான்காம் வகுப்பில் 'நீ மீன் கழுவத்தான் லாயக்கு' என்று சொன்ன வாத்தியார், தான்தான் முதலில் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். டெல்ரான் எல்லாரிடமும் சிரித்தான். மனசுக்குள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் துப்பிக்கொண்டே சிரித்தான். அது அவனுக்குச் சின்ன வயதிலேயே கைவந்த கலை.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் மூன்றாம் நிலையில் ஆடும் ஒரு கிளப் அவனை மூன்று வாரம் வரவழைத்துப் பார்த்தது. குளிரில் விரல்நுனி வலித்தது, மைதானம் சேறு, சாப்பாட்டில் உப்பு உறைப்பு எதுவும் இல்லை. ஆனாலும் மேலாளருக்கு அவனைப் பிடித்திருந்தது. பிடித்து என்ன செய்வது? வேலை அனுமதிக்குப் புள்ளிகள் வேண்டும், புள்ளிகள் நாட்டின் தரவரிசையைப் பொறுத்தவை. அவன் தீவு அந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிக்கவே அலுவலகப் பெண் மூன்று பக்கம் கீழே இறங்க வேண்டியிருந்தது.

அவனுக்காகப் பேசுகிற ஏஜென்ட் கிளைவ், பார்படோஸ்காரர், லண்டனில் குடியேறியவர். அவர்தான் கேட்டார்: "தம்பி, உன் குடும்பத்துல யாராவது இங்க பொறந்திருக்காங்களா?"

டெல்ரான் சொன்னான்: "எங்கப்பா. ஹை விக்கம்ல பொறந்தாரு. நாலு வயசுல ஊருக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. ஆனா அவரு எனக்கு அப்பா இல்லைங்கறாரு."

கிளைவ் சிரித்தார். "அது ஒரு விஷயமே இல்ல. கல்யாணம் பண்ணாம பொறந்த புள்ளைக்கும் இப்ப பாஸ்போர்ட் உண்டு. அவரோட பிறப்புச் சான்றிதழ் வேணும். அப்புறம் டி.என்.ஏ. டெஸ்டுக்கு ரெண்டு பேர் கன்னத்துக்குள்ளயும் ஒரு பஞ்சைத் தேய்ச்சு எடுக்கணும். கோடைகாலம் வரைக்கும் காத்திருக்கோம்னு கிளப்புல சொல்லிட்டாங்க. போய்க் கேளு."

அப்படித்தான் அவன் அன்றைக்குப் பாலத்தடியில் நின்றான்.

ஊதா வேன் வளைவில் தெரிந்தது. டெல்ரான் கையை நீட்டினான். வேன் நின்ற விதத்திலேயே எல்ஃபோர்டுக்கு இது என்றாவது நடக்குமென்று தெரிந்திருந்தது புரிந்தது. அவன் பாட்டை நிறுத்தினான். மழை, இடி, சாவு எதற்கும் நிறுத்தாத பாட்டு. "பாருங்க, பாருங்க, யாரு ஏர்றாங்கன்னு பாருங்க!" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான். தங்கப்பல் தெரிந்தது. டெல்ரான் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். கிங்ஸ்டவுனில் எல்லாரும் இறங்கிய பிறகு, முன்னால் வந்து நின்றபடியே நாலு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னான். கெஞ்சுகிற குரல் வந்துவிடக் கூடாதென்று முந்தின நாள் முழுக்க அந்த நாலு வாக்கியத்தை மனப்பாடம் செய்திருந்தான்.

எல்ஃபோர்ட் பல்லைக் குத்திக்கொண்டே கேட்டான். "நாங்க இங்கிலாந்துல இருந்தப்போ," என்று ஆரம்பித்தான், நாலு வயதில் வந்தவன், "பால் வாசலுக்கே வரும். தெரியுமா உனக்கு? வாசலுக்கே." பிறகு, "பெரிய விஷயத்தை இப்படி வண்டியில நின்னுட்டுப் பேசக் கூடாது. சனிக்கிழமை யூலாலி கடைக்கு வா" என்றான்.

மிஸ் யூலாலியின் ரம் கடையில் சனிக்கிழமை மதியம் எத்தனை பேர் இருப்பார்கள் என்று டெல்ரானுக்குத் தெரியும். அதனால்தான் அங்கே வரச் சொல்கிறான் என்பதும் தெரியும்.

போனான். டாமினோக் கட்டைகள் மேஜையில் அறைகிற சத்தம் அவன் படியேறியதும் நின்றது. எல்ஃபோர்ட் நடுவில் உட்கார்ந்திருந்தான். புதுச் சட்டை, காலர் மடிப்பில் இன்னும் கடை அட்டையின் நூல் தொங்கியது. பிறப்புச் சான்றிதழை நெகிழி உறையில் போட்டு மேஜைமேல், ரம் புட்டிக்குக் கீழே வைத்திருந்தான். எல்லாரும் பார்க்கும்படி வைத்திருந்தான். அந்த மனிதன் நாற்பத்தாறு வருஷத்தில் சம்பாதித்த ஒரே மேன்மை அந்தக் காகிதம்தான். அதுவும் அவன் சம்பாதித்ததில்லை.

"என்ன வேணும்?"

"அதான் சொன்னேனே."

"இவங்களுக்குத் தெரியாதே. யாருகிட்ட வந்து என்ன கேக்கறன்னு சொல்லு."

"எல்ஃபோர்ட், விடு அவனை," என்றாள் மிஸ் யூலாலி.

"நீ சும்மா இரு. பதிமூணு வருஷமா இவன் ரோட்டுல என்னைப் பார்த்தா மொகத்தைத் திருப்பறான். மரியாதைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? ஒரு மகன் தகப்பன்கிட்ட எப்படிக் கேப்பான்? அப்படிக் கேக்கட்டும். நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

டெல்ரான் அங்கே இருந்தவர்களைப் பார்த்தான். தரையைப் பார்த்தவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் பந்து வலைக்குப் போகப்போகிற அந்த ஒரு நொடியில் கூட்டம் எப்படிப் பார்க்குமோ அப்படி வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். ஒரு சொல்தானே என்று நினைத்துக்கொண்டான். இங்கிலாந்துச் சேற்றில் ஒருத்தன் என் காலை மிதித்தபோது மன்னிப்பு நான் கேட்கவில்லையா, அதுபோல.

"டாடி," என்றான். "எனக்கு உங்க உதவி வேணும்."

எல்ஃபோர்ட் சிரிப்பான், தொடையைத் தட்டுவான் என்று அவன் எதிர்பார்த்தான். அதற்குத் தயாராக இருந்தான். ஆனால் அந்த ஆளின் உதடு கோணியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, "கேட்டீங்களா?" என்றான். "கேட்டீங்கல்ல எல்லாரும்?" மிஸ் யூலாலி எழுந்து வானொலியின் சத்தத்தைக் கூட்டினாள். அந்த ஆள் சிரித்திருந்தால்கூட டெல்ரான் தாங்கியிருப்பான்.

கிங்ஸ்டவுன் பரிசோதனைக் கூடத்துக்கு எல்ஃபோர்ட் டை கட்டிக்கொண்டு வந்தான். காலையில் குடித்ததை மறைக்கப் பெப்பர்மின்ட் மென்றுவிட்டு வந்திருந்தான். நர்ஸ் அவனைத் திருப்பி அனுப்பி, வாயை மூன்று தடவை கொப்பளித்துவிட்டு வரச் சொன்னாள். பஞ்சுக் குச்சிக்கு வாயைத் திறந்தபோது, மருத்துவர் போதும் என்ற பிறகும் திறந்தபடியே இருந்தான். வெளியே வந்து நர்ஸிடம், "இவன் காலைப் பாருங்க. இந்தக் காலு என் காலு" என்றான். நர்ஸ் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அந்த மூன்று வாரத்தில் எல்ஃபோர்ட் தகப்பனாக இருப்பதில் இருபது வருஷத்துப் பாக்கியையும் சேர்த்துச் செய்துவிட முடிவு பண்ணியவன்போல இறங்கினான். வேன் கண்ணாடியிலிருந்து 'நிகரற்றவன்' போனது. அதே இடத்தில் 'பத்தாம் நம்பரின் டாடி' வந்தது. உள்ளூர் வானொலியில் பேசினான்: பையனுக்கு மூன்று வயதில் பச்சை எலுமிச்சையைத் தரையில் உருட்டி உதைக்கச் சொல்லிக் கொடுத்தானாம், இடது காலைப் பழக்குவதற்காக வலது காலில் செருப்பைக் கட்டிவிட்டானாம். பேட்டி எடுத்தவர், "ஆகா, தொலைநோக்கு!" என்றார். காலையில் டெல்ரானைப் பயிற்சிக்கு ஏற்றிப்போகப் பாலத்தடியில் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றான். முன் இருக்கையில் யாரையும் உட்காரவிடவில்லை. கைக்குழந்தையோடு ஏறிய ஒருத்தியைக்கூட, "அது என் பையன் எடம்" என்று பின்னால் அனுப்பினான். டெல்ரான் கடைசி வரிசைக்குப் போய்விடுவான். முன் இருக்கை கிங்ஸ்டவுன் வரை காலியாகவே போகும். நெருக்கியடித்து உட்கார்ந்தவர்கள் முணுமுணுப்பார்கள்.

மைதானத்துக்கும் வந்தான். சுட்ட ஈரப்பலாக்காயும் பொரித்த மீனும் ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு எல்லைக்கோட்டில் உட்கார்ந்து, "அடி! அடிடா! என்ன பாக்கற?" என்று கத்தினான். வலது பக்கம் ஆடுகிறவன் டெல்ரானிடம் ஓடி வந்து, "டாடி கூப்பிடறாரு, மீன் ஆறுதாம்" என்றான். அணியே விழுந்து விழுந்து சிரித்தது. டெல்ரான் அந்த மீனைத் தின்றான். பசிக்குத் தின்றான், நன்றி சொல்லாமல் தின்றான், முள்ளை வாளிக்குள்ளேயே துப்பினான். எல்ஃபோர்ட் அதையும் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த ஆளுக்கு அவமானம் எங்கே வைத்திருக்கிறது, எந்த இடத்தில் குத்தினால் வலிக்கும் என்று டெல்ரான் அடிக்கடி யோசித்தான்.

இருபத்திரண்டாம் நாள் காலையில் கிளைவ் கூப்பிட்டார். வழக்கமாகத் தம்பி என்று ஆரம்பிப்பவர், பெயரைச் சொன்னார்.

"டெல்ரான். முடிவு வந்திருக்கு. இல்லப்பா."

"இல்லைன்னா? மறுபடி எடுக்கணுமா?"

"அந்த ஆளு உன் அப்பா இல்ல. கொஞ்சம்கூட இல்ல. பூஜ்யம்."

கிளைவ் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பியிருப்பதாகவும், கிளப் இனிக் காத்திருக்காது என்றும் சொன்னார்; ஹோண்டுராஸ் கடற்கரையில் ஒரு கிளப்புக்கு வெளிநாட்டு ஆள் வேண்டியிருக்கிறது, அங்கே பாஸ்போர்ட் தொல்லை இல்லை, பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். "பேசுங்க" என்றான் டெல்ரான். நூலகத்துக்குப் போய்க் கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

அயாந்தி பின்வாசலில் மீன் செதில் சீவிக்கொண்டிருந்தாள். கடிதத்தை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தான். அவள் கையைத் துடைக்காமல், தலையை மட்டும் நீட்டி மெதுவாகப் படித்தாள். படித்து முடித்து மறுபடி மீனை எடுத்தாள்.

"அப்ப மத்தவன்தான்," என்றாள்.

"எந்த மத்தவன்?"

"ஒருத்தன். வாழைக்காய்க் கப்பல்ல வந்தவன். ரெண்டு வாரம் இருந்தான். பேரு தெரியும், சொல்லமாட்டேன். சொல்ற அளவுக்கு அவன் ஒரு ஆளு இல்ல."

"உனக்குத் தெரியுமா இது?"

"எப்படிடா தெரியும்? ரெண்டு பேர் இருந்தாங்க. ஒருத்தன் கப்பலோட போயிட்டான். இன்னொருத்தன் வேன் வெச்சுக்கிட்டு தெனம் வாசல் வழியா ஆரன் அடிச்சுட்டுப் போனான். கண்ணுக்கு முன்னாடி இருக்கறவனைத்தானே திட்ட முடியும்?" கத்தியை மீனின் வயிற்றில் வைத்து இழுத்தாள். "இருபது வருஷம் ஒருத்தனைத் திட்டினா, அப்புறம் நமக்கே நெசமாயிடும். எனக்கு நெசமாயிடுச்சு."

"அம்மா, நான் அவனை டாடின்னு கூப்பிட்டேன். அத்தனை பேர் முன்னாடி."

அயாந்தி நிமிர்ந்து மகனைப் பார்த்தாள். "கூப்பிட்டா என்ன? வாயி புண்ணாயிடுச்சா?" பிறகு அந்தக் குரல் தனக்கே பிடிக்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "போய்ச் சொல்லணும்னா சொல்லு. யூலாலி கடையில வெச்சே படி. ஊர் என்னைப் பத்திப் பேசாத நாள் எது? அவன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு வந்து எனக்குச் சொல்லு. அது போதும்."

அந்த யோசனை அவனுக்கும் இருந்தது. இரண்டு நாள் அதை வாயில் இனிப்புபோல் வைத்துச் சுவைத்தான். கண்ணாடியில் எழுதியதைச் சுரண்ட வேண்டியிருக்கும். வானொலிக்காரர் என்ன சொல்வார்? எலுமிச்சை உருட்டிய கதை என்ன ஆகும்? கடைசியில் அந்த ஆளைக் குத்த ஒரு இடம் கிடைத்துவிட்டது. அதுவும் எழுத்தில், முத்திரையோடு.

சனிக்கிழமை வரை பொறுக்கவில்லை. வியாழக்கிழமை காலை எல்ஃபோர்ட் லாயூ ஆற்றுமுகத்தில் வேனை இறக்கிக் கழுவிக்கொண்டிருப்பதைப் பாலத்திலிருந்து பார்த்தான். இறங்கிப் போனான். எல்ஃபோர்ட் முட்டி போட்டுச் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வெற்று முதுகு, சோப்பு நுரை முழங்கை வரை. டெல்ரான் பையில் கை விட்டான்.

"லெட்டர் வந்திருச்சு," என்றான்.

எல்ஃபோர்ட் திரும்பாமலே நுரைக் கையைத் தூக்கினான். "படிக்காத. எனக்கெதுக்கு லெட்டர்? நீ பொறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தேன், தெரியுமா? உள்ள வரல. ஜன்னல் வழியா பார்த்தேன். மஞ்சத் துணியில சுத்தி வெச்சிருந்தா. பார்த்த ஒடனே தெரிஞ்சுபோச்சு, இது என் புள்ளைன்னு. ஒரு நாள்கூட எனக்கு சந்தேகம் வந்ததில்ல."

டெல்ரானின் விரல்கள் கடிதத்தின் மேலேயே நின்றன. "அப்ப அன்னிக்கு? வேன்ல? மூக்கைப் பத்தி?"

"அதுவா." எல்ஃபோர்ட் சக்கரத்தின் அடியில் கை விட்டுச் சேற்றை வழித்து எறிந்தான். உண்மையாகவே யோசித்துப் பார்த்தான். விடை அவனுக்கே எளிமையாகத்தான் தெரிந்தது. "வேன் நெறைய ஆளுங்க இருந்தாங்கடா."

தண்ணீர் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு கடலுக்குப் போனது. டெல்ரான் நின்ற இடத்திலேயே நின்றான். இந்த ஆள் சொன்னது பொய் என்றுதான் பதிமூன்று வருஷமாக வெறுத்தான். கடிதம் அதை உண்மையாக்கிவிட்டது. இப்போது இவனே வாயைத் திறந்து, உண்மையை அல்ல, பொய்யைத்தான் சொன்னேன் என்கிறான். தன் பிள்ளை என்று நம்பிக்கொண்டே அந்தப் பிள்ளையின் முகவாயைத் தூக்கிக் காட்டிப் பதினெட்டுப் பேரைச் சிரிக்கவைத்தவன். கடிதத்தைப் படித்தால் என்ன ஆகும்? ஒரு நிமிஷம் முகம் போகும். மறு நிமிஷம், "நான் அப்பவே சொன்னேனே! மூக்கைப் பார்த்தே சொன்னேனே!" என்பான். யூலாலி கடையில் ஒரு சுற்று எல்லாருக்கும் வாங்கித் தருவான். செய்தது எல்லாம் கழுவிப் போய்விடும், இந்தச் சேற்றைப்போல. காகிதமே அவனைச் சுத்தம் பண்ணிவிடும்.

இல்லை, உனக்கு அது கிடையாது என்று டெல்ரான் நினைத்தான். நீ என் அப்பனாகவே இரு.

"எல்லாம் சரியாத்தான் வந்திருக்கு," என்றான். குரல் அவனுக்கே ஆச்சரியமாக அமைதியாக இருந்தது. "ஆனா சட்டம் மாறிடுச்சாம். எனக்கு வயசு ஏறிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. சின்ன வயசுலயே நீங்க கையெழுத்துப் போட்டிருந்தா நடந்திருக்கும்."

கடைசி வாக்கியம் அவன் திட்டமிட்டதில்லை. ஆனால் அது போய் நின்ற இடத்தைக் கண்ணால் பார்த்தான். எல்ஃபோர்டின் கை சக்கரத்தில் அப்படியே நின்றுவிட்டது. "என்ன நாடுடா அது," என்றான். "நான் பொறந்த நாடு! எனக்கே இப்படிப் பண்றாங்க!" பிறகு ஏற்கெனவே கழுவி முடித்த சக்கரத்தை மறுபடி தேய்க்க ஆரம்பித்தான். டெல்ரான் மேடேறிப் போய்விட்டான். வெற்றி பெற்றவன் நடக்கிற மாதிரிதான் நடந்தான். பாலத்தில் நின்ற ஒரு கிழவன், "அப்பனேதான், அந்த நடை!" என்றான்.

ஹோண்டுராஸில் கிளப் அலுவலகத்தில் ஒரு பெண் படிவத்தை நிரப்பினாள். பெயர், பிறந்த தேதி, ஆடும் இடம். அங்கே எல்லாருக்கும் இரண்டு குடும்பப் பெயர், அப்பாவுடையது முதலில், அம்மாவுடையது பிறகு. அம்மாவுடையது க்வாஷி என்றான். அப்பாவுடையது? இல்லை என்றான். அவள் மொழிபெயர்ப்பதற்காக நின்ற உதவிப் பயிற்சியாளரைப் பார்த்தாள். அந்த ஆள் தோளைக் குலுக்கினான். பெட்டி காலியாக இருந்தால் கணினி மேலே போகாது. அவள் க்வாஷி என்பதையே இன்னொரு தடவை தட்டிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனாள்.

எல்ஃபோர்டிடமிருந்து ஒவ்வொரு ஆட்டத்து நாளும் குரல்செய்தி வந்தது. "டாடி பேசறேன். இடது கால்ல அடி. சாப்பிட்டியா?" டெல்ரான் கேட்பான், பதில் போடமாட்டான், எண்ணைத் தடுக்கவும் மாட்டான். அந்த ஆள் கூப்பிடுவதும் இவன் எடுக்காமலிருப்பதும் அதனதன் இடத்தில் சரியாக இருப்பதாக அவனுக்குப் பட்டது. மீனும் ஈரப்பலாக்காயும் நினைவுக்கு வரும் நாட்களில் மட்டும் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும்.

முதல் ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உருகுகிற வெயிலில் நடந்தது. ஒலிபெருக்கியில் "டெல்ரான் க்வாஷி க்வாஷி" என்று வந்ததும் கூட்டம் அதைப் பறவை கூவுவதுபோலத் திருப்பிச் சொல்லிச் சிரித்தது. அறுபதாவது நிமிஷத்தில் அவனை வெளியே எடுத்தார்கள். இரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள்.

வெளியே வாசலில், வண்டியில் மரவள்ளி அடை விற்றுக்கொண்டிருந்த ஒரு கனத்த மனிதன் அவனை வழிமறித்தான். கறுத்த, அகன்ற முகம். லாயூவில் பார்த்தால் யாருடைய மாமா என்று கேட்கத் தோன்றும். கரையோரத்து உடைந்த ஆங்கிலத்தில், "யுருமெய்னா? நீ யுருமெய்ன்லருந்தா வர்ற?" என்றான். டெல்ரானுக்கு அந்தப் பெயர் தெரியும். பள்ளியில் ஒவ்வொரு மார்ச் மாதமும் சொல்லித் தருவார்கள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரர்கள் அவன் தீவிலிருந்து ஒரு ஜனத்தையே கப்பலில் ஏற்றிக்கொண்டுவந்து இந்தக் கரையில் கொட்டிவிட்டுப் போனார்கள். அந்த ஜனம் தீவுக்கு வைத்திருந்த பெயர் அது; இவன் அவர்கள் வழி வந்தவன்.

ஆமாம் என்று தலையசைத்தான்.

அந்த மனிதன் ஓர் அடையை உடைத்து அவன் கையில் வைத்தான். "மோசமா ஆடின," என்றான். "பாட்டம்மா மாதிரி ஓடற. சரி, யாரு மகன் நீ? எங்க ஆளுங்க பேரு இன்னும் அங்க இருக்கும். உங்கப்பன் எந்தப் பக்கம்?"

டெல்ரான் வாயைத் திறந்தான். எப்போதும் நாக்கின் நுனியில் தயாராக இருக்கும் ஏளனம் எதுவும் வரவில்லை. கடைசியில், பதில் சொல்லியாக வேண்டுமென்பதால், முகவாயால் கடலைக் காட்டினான்.

"அது வடக்குடா, மடையா!" அந்த மனிதன் வயிறு குலுங்கச் சிரித்தான். "சொந்த ஊரு எந்தத் திசைன்னுகூடத் தெரியல!" மாவு ஒட்டிய கையால் டெல்ரானின் இரண்டு தோளையும் பிடித்து, கனமான சாமானைத் திருப்புவதுபோல மெதுவாகக் கிழக்கே திருப்பி நிறுத்தினான்.

அங்கே மைதானத்தின் கழிப்பறைச் சுவர் இருந்தது. பாதி சுண்ணாம்பு, பாதி பாசி. ஒருத்தன் முதுகைக் காட்டிக்கொண்டு அதன்மேல் மூத்திரம் பெய்துகொண்டிருந்தான். அவன் முடித்து, பொத்தானைப் போட்டுக்கொண்டு போன பிறகும் டெல்ரான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான், கையில் அடை, தோளில் இரண்டு வெள்ளைக் கைத்தடம்.